வண்டி விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

மோட்டார் வாகனத்தின் விளக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒற்றைப் பொருளன்று. ஒளியைத் தரும் மூலம், அந்த ஒளியைத் திரட்டி முன்னே அனுப்பும் குழிந்த எதிரொளிப்பான், அதை வகுத்துப் பரப்பும் முகக்கண்ணாடி, இவற்றுக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் சுற்று ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்ட கூட்டமைப்பே அது. வாகன விளக்கின் வரலாறு முழுவதிலும் இந்நான்கில் ஒளிமூலமே முந்திக்கொண்டு மாறியிருக்கிறது. ஏனைய மூன்றும் பல ஆண்டுகள் கழித்தே அதை எட்டிப் பிடித்திருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த தொல்லையை விளக்கை மாட்டியவரைவிட எதிரே வந்தவரே அதிகம் அனுபவித்திருக்கிறார். மின்சாரம் பாய்ந்தால் ஒளிவிடும் குறைகடத்திச் சில்லைக் கொண்ட எல்.இ.டி. பல்பை வாங்கிவந்து, வாசலில் நிற்கும் வண்டியில் உரிமையாளரே மாட்டிக்கொள்ளும் இன்றைய வழக்கம் புதியதுபோலத் தோன்றினாலும், எண்ணெய் விளக்கைக் கழற்றிக் கார்பைட் விளக்கையும், பின்னர் அதையும் கழற்றி மின்விளக்கையும் மாட்டியவர்களின் தொடர்ச்சியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

1880களின் இறுதியிலும் 1890களிலும் மோட்டார் வாகனங்கள் ஐரோப்பியச் சாலைகளில் ஓடத் தொடங்கியபோது அவற்றுக்கென்று தனி விளக்கு எதுவும் இல்லை. குதிரை வண்டிகளின் பக்கவாட்டில் மாட்டப்பட்டிருந்த மெழுகுவத்தி விளக்குகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும் அப்படியே இவற்றுக்கு இடம்பெயர்ந்தன. அவ்விளக்குகள் பாதையைப் பார்க்க ஏற்பட்டவையல்ல. வண்டி ஒன்று வருகிறது என்று பிறருக்கு அறிவிக்க ஏற்பட்டவை. தமிழ்நாட்டில் இரவெல்லாம் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டதன் பொருளும் அதுவே. பழகிய தடத்தை மாடுகள் அறியும் என்பதால் வண்டிக்காரருக்கு முன்னே ஒளி தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ், 1870களின் இறுதியில் மிதிவண்டிச் சக்கரத்தின் குடத்தில் தொங்கும் எண்ணெய் விளக்கு ஒன்றைச் 'சாலையின் அரசன்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் அவர் நிறுவிய தொழிலகத்திலிருந்தே வந்தன, அதன் கிளை சென்னையின் பாடியிலும் வேர்விட்டது.

வேகம் கூடியதும் பார்ப்பதற்கான ஒளி தேவைப்பட்டது. அதை முதலில் தந்தது மின்சாரம் அன்று, கல். கால்சியம் கார்பைட் என்னும் சாம்பல் நிறக் கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் என்னும் எரிவாயு கிளம்பும்; அந்த வாயுவை 1836இலேயே எட்மண்ட் டேவி கண்டறிந்திருந்தாலும், கல்லை மின் உலையில் மலிவாகச் செய்யும் வழியை 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் கண்ட பிறகே அது விளக்குக்கு உதவியது. இன்று மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தப்பட்டுப் பறிமுதலாகும் கார்பைட் கல்லும் இதுவே. காரின் படிப்பலகையில் பித்தளைக் கலம் ஒன்று நின்றது. அதன் கீழறையில் கல்லும் மேலறையில் தண்ணீரும் இருக்க, இடையிலுள்ள குழாய்த் திருகை இளக்கினால் நீர் சொட்டுச் சொட்டாக விழும். பூண்டு நாற்றத்துடன் கிளம்பும் வாயு ரப்பர் குழாய் வழியே முகப்பு விளக்கை அடைந்து, மாக்கல்லில் செய்த இரட்டை முனைகளிலிருந்து பீறிட்டு, இரு பீறல்களும் மோதும் இடத்தில் தட்டையான வெண்சுடராக எரியும். ஓட்டுநர் இறங்கி, விளக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். பயணம் முடிந்ததும் கலத்தின் அடியில் தங்கிய சுண்ணாம்புக் கூழைச் சுரண்டிக் கழுவ வேண்டும். இல்லையேல் அடுத்த முறை நீர்வழி அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சுரண்டலிலிருந்து ஓட்டுநரை விடுவித்தது 1904இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் தொடங்கிய பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம். அசிட்டிலீனை வெறுமனே அழுத்தி அடைத்தால் வெடித்துவிடும் என்பதால், நுண்துளைகள் நிறைந்த பொருளை உருளைக்குள் திணித்து, அதில் அசிட்டோன் என்னும் திரவத்தை ஊறவைத்து, அத்திரவத்தில் வாயுவைக் கரைத்து அடைக்கும் முறையை அந்நிறுவனம் கையாண்டது. தீர்ந்த உருளையைக் கடையில் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளலாம். இன்றைய சமையல் எரிவாயு உருளையின் ஏற்பாட்டை இது ஒத்தது. ஆனால் வாயு நிரப்பும் கூடங்கள் வெடித்துச் சிதறிய நிகழ்ச்சிகளும் நேர்ந்தன. ஊருக்குள் அத்தகைய கூடங்கள் கூடாது என்ற எதிர்ப்பும் எழுந்தது. அந்த உருளை வணிகத்தின் வருவாயிலிருந்தே ஃபிஷரும் அவருடைய கூட்டாளிகளும் 1909இல் இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத் திடலை அமைத்தார்கள் என்பது, விளக்கு வணிகம் எவ்வளவு கொழுத்தது என்பதற்குச் சான்று.

மின்விளக்கு இதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டது. 1898இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் தயாரான கொலம்பியா மின்சாரக் காரில், விரும்பியவர்களுக்கு மின் முகப்பு விளக்கு பொருத்தித் தரப்பட்டது. ஆனால் அக்காலத்துக் கார்பன் இழை சாலைக் குலுக்கலில் எளிதாக அறுந்துவிடும், ஓடும் வண்டியில் போதிய மின்சாரம் தரும் சிறிய டைனமோவும் அப்போது வாய்க்கவில்லை. 1910இல் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தைக் கம்பியாக இழுக்கும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகே குலுக்கலைத் தாங்கும் இழை கிடைத்தது. 1912ஆம் ஆண்டின் கடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த ஏற்பாட்டின்படி, எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், தீப்பொறி, விளக்கு ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன; மறு ஆண்டே ஜெர்மனியின் போஷ் நிறுவனம் விளக்கு, டைனமோ, மின்னழுத்தச் சீராக்கி மூன்றையும் ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியது. விளக்குக்காக மின்சுற்றே புதிதாக வடிவமைக்கப்பட்ட முதல் கட்டம் இதுவே.

மலிவுக் கார்களில் நிலைமை வேறு. ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல் கார் 1915இல் கார்பைட் விளக்கைக் கைவிட்டு மின்விளக்குக்கு மாறியபோது, மின்சாரத்தை மின்கலத்திலிருந்து எடுக்காமல், எஞ்சினோடு சுழலும் காந்த மின்னாக்கியிலிருந்தே எடுத்தது. ஆகவே எஞ்சின் வேகமெடுத்தால் விளக்கு பளீரென்று எரிந்தது, மேட்டிலோ சேற்றிலோ வேகம் குறைந்தால், அதாவது ஒளி மிகவும் தேவைப்படும் வேளையில், மங்கிப்போயிற்று. இரு விளக்குகளும் தொடர்வரிசையில் இணைக்கப்பட்டிருந்தமையால் ஒன்று சுட்டுப்போனால் மற்றதும் அணைந்தது. இக்குறைகளே உரிமையாளர்களின் கைவேலைக்கு முதல் பெரிய களமாயின: மங்காமல் எரியச் செய்வதாகக் கூறிய சாதனங்கள், கார்பைட் விளக்கின் கூட்டுக்குள்ளேயே மின்பல்பு மாட்டும் மாற்றுப் பொருத்திகள், கூசாமல் தடுப்பதாகச் சொன்ன வரிக் கண்ணாடிகள் என்று துணைப்பொருள் வணிகம் ஒன்றே அதைச் சுற்றி எழுந்தது.

கண் கூசும் பிரச்சினையும் இக்காலத்திலேயே பிறந்தது. சுடர் பரந்து எரிவதால் அதன் ஒளியை எதிரொளிப்பானால் கூர்மையாகக் குவிக்க இயலாது. டங்ஸ்டன் இழையோ மிகச் சிறியது, ஆதலால் குவியப் புள்ளியில் வைத்தால் ஒளி ஈட்டிபோல் நீண்டு பாய்ந்து எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கிற்று. எதிரொளிப்பானையே நெம்புகோலால் கீழே சாய்க்கும் ஏற்பாட்டைக் கடிலாக் 1917இல் கொண்டுவந்தது. 1924இல் ஓஸ்ராம் நிறுவனம் வெளியிட்ட பைலக்ஸ் பல்பு இதற்கு நிலையான தீர்வு தந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைத்து, அவற்றில் ஒன்றின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்றை ஏந்தலாகப் பொருத்தியதே அதன் நுட்பம். கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுவதால் அந்த இழையின் ஒளி எதிரொளிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கிக் கீழே திரும்புகிறது. கிண்ணமில்லாத மற்ற இழை எரியும்போது எதிரொளிப்பான் முழுவதும் பயன்பட்டு ஒளி நெடுந்தூரம் பாய்கிறது. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் 'டிம்' என்றும் 'பிரைட்' என்றும் சொல்லும் இருநிலைகளின் இயக்கம் இன்றளவும் கோடிக்கணக்கான வாகனங்களில் அந்தக் கிண்ணத்தை நம்பியே இருக்கிறது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லப்படும் எல்.இ.டி. தொல்லையின் வேரும் அந்தக் கிண்ணத்திலேயே உள்ளது.

பல்பை உரிமையாளர் கழற்றி மாட்டுவதால் இழை இடம் பிசகுவதும், மூட்டு வழியே ஈரமும் தூசியும் புகுந்து வெள்ளிப் பூச்சு கறுப்பதும் அமெரிக்காவில் பெருந்தொல்லையானபோது, அந்நாடு முரட்டுத்தனமான ஒரு முடிவை எடுத்தது. 1940ஆம் ஆண்டிலிருந்து இழை, எதிரொளிப்பான், முகக்கண்ணாடி மூன்றையும் ஒரே கண்ணாடிக் கூடாக உருக்கி மூடிய, 7 அங்குல விட்டமுள்ள 'சீல்டு பீம்' விளக்கு எல்லாக் கார்களுக்கும் பொதுவாயிற்று. சுட்டுப்போனால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும், உள்ளே கைவைக்க வழியில்லை. ஒளிமூலத்தை மட்டும் மாற்றும் உரிமையைச் சட்டமே பறித்துக்கொண்ட ஒரே கட்டம் இது. அதனால் கிடைத்த நன்மையும் மெய்: எந்தச் சிற்றூர்க் கடையிலும் ஒரே விளக்கு கிடைத்தது, ஒளி வடிவமும் பிசகவில்லை. இழப்பும் மெய்: ஐரோப்பா முன்னேறிக்கொண்டிருந்தபோது அமெரிக்க முகப்பு விளக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேங்கி நின்றது, மாற்றக்கூடிய பல்பு 1983இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அத்தடையை மீறி ஐரோப்பிய விளக்குகளைத் தருவித்துத் தம் கொட்டகைகளில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் பலர் இருந்தனர் என்பதும் பதியத்தக்கது.

அந்த 7 அங்குல அளவு உலகெங்கும் பரவியது. அம்பாசடர் கார், ஜீப், புல்லட் மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றும் அதே அளவு வட்ட விளக்கையே ஏந்தின. ஆகவே இன்று விற்கப்படும் 7 அங்குல எல்.இ.டி. முழுவிளக்கு அந்தப் பழைய வண்டிகளில் அளவு பிசகாமல் உட்காருவதற்குக் காரணம் அமெரிக்கா எண்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவே. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கியபோது வாகன மின்சாதனத் தயாரிப்பு தமிழ்நாட்டில் காலூன்றியது. அதே நிறுவனம் பின்னாளில் ஜப்பானின் கொய்ட்டோவுடன் கூட்டுச் சேர்ந்து நிறுவிய இந்தியா ஜப்பான் லைட்டிங், சென்னையை இந்திய வாகன விளக்குத் தொழிலின் மையங்களுள் ஒன்றாக்கியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் இருட்டடிப்பில் முகப்பு விளக்குகளுக்கு முக்காடிடும் கட்டாயம் வந்தது. பிரிட்டனில் அந்த இருட்டே உயிர்களைக் கொள்ளைகொண்டது, 1941இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 9,169 பேர். போர் முடிந்தபின் இந்திய நகரங்களில், கூச்சத்தைக் குறைப்பதற்காக முகக்கண்ணாடியின் மேற்பகுதியில் கறுப்புச் சாயம் பூசும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நல்லெண்ணத்தில் எழுந்த இவ்வழக்கத்தின் தர்க்கம் பழுதுடையது. டிம் ஒளி எதிரொளிப்பானின் மேற்பாதியிலிருந்து வருவதால், கண்ணாடியின் மேற்பாதி முழுவதையும் கறுப்பாக்கினால் கூசாத டிம் ஒளியே பெரிதும் குன்றும். பிரைட் போட்டால் கீழ்ப்பாதியிலிருந்து பாயும் கூசும் ஒளியோ குறையாமல் வெளிவரும். டிம் ஒளி மங்கியதால் ஓட்டுநர் பிரைட்டிலேயே ஓட்டினார். அளவெடுத்துச் செய்த ஓர் அமைப்பின் ஒரு பகுதியில் மட்டும் கைவைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1959இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்மர் ஃப்ரிட்ரிக், எம்மெட் வைலி ஆகிய இருவரும் காப்புரிமை பெற்ற ஹாலஜன் பல்பு அடுத்த பாய்ச்சல். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் சாதாரண பல்பில் கண்ணாடியில் படிந்து கறுக்கும். பல்புக்குள் அயோடின் அல்லது புரோமின் போன்ற ஹாலஜன் தனிமம் சிறிதளவு இருந்தால், அது ஆவியான டங்ஸ்டனைப் பற்றிக்கொண்டு மீண்டும் இழைக்கே கொண்டுசேர்க்கிறது. ஆதலால் இழையை அதிக வெப்பத்தில், அதிக ஒளியோடு எரியவிடலாம். 1962இல் ஐரோப்பியர்கள் எச் 1 என்னும் ஒற்றை இழை ஹாலஜனையும், 1971இல் இரட்டை இழையும் கிண்ணமும் கொண்ட எச் 4 பல்பையும் கொண்டுவந்தனர். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் எடுக்கும் எச் 4, இந்தியச் சாலைகளில் மிகப் பரவலான பல்புகளுள் ஒன்றாயிற்று.

இந்திய மெக்கானிக் கடைகளின் விளக்கு மேம்பாட்டுக் கலை எச் 4ஐச் சுற்றியே வளர்ந்தது. 60/55க்குப் பதிலாக 100/90 வாட் பல்பை மாட்டுவது அதன் முதல் படி. ஸ்விட்ச்சும் மெல்லிய ஒயரும் அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் சூடேறி உருகும் என்பதால், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்றை இடையில் வைப்பது இரண்டாம் படி. ரிலே வைத்தவர்களுக்கு ஸ்விட்ச் பிழைத்தது. ஆனால் ஹோல்டர் கருகுவதையும், பிளாஸ்டிக் எதிரொளிப்பானின் பூச்சு வெப்பத்தில் மங்குவதையும் ரிலேயால் தடுக்க முடியவில்லை. 1991இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காருடன் வந்த ஸெனான் விளக்கு, இழையே இல்லாமல் இரு மின்முனைகளுக்கிடையே எழும் மின்வில்லால் ஒளிதருவது. அதன் மலிவுப் பெட்டிகளை ஹாலஜன் விளக்குக் கூட்டில் திணித்தவர்களால் சில ஆண்டுகள் நெடுஞ்சாலைகள் நீலக் கூச்சத்தில் தவித்தன.

எல்.இ.டி.யின் வரலாறு வாகனத்தின் பின்புறத்திலிருந்து தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தந்த முதல் நடைமுறை எல்.இ.டி.யை 1962இல் நிக் ஹொலோனியாக் உருவாக்கினார், அது சிவப்பு. அடுத்த முப்பது ஆண்டுகள் பிரகாசமான நீல நிறம் கைகூடாமையால் வெள்ளை ஒளியும் கைகூடவில்லை, ஆகவே எல்.இ.டி. சிவப்பு விளக்கு வேண்டிய இடத்துக்கே சென்றது. 1970களில் ஜான் வோவோட்ஸ்கி என்னும் உளவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோ நகர டாக்சிகளின் பின்புறம் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்தி நடத்திய ஆய்வு, பின்னாலிருந்து மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1986 மாடல் கார்களிலிருந்து உயரமான மூன்றாவது பிரேக் விளக்கு அமெரிக்காவில் கட்டாயமானபோது, அந்த ஒல்லியான இடத்துக்கு எல்.இ.டி. வரிசை கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொரு நன்மையும் வெளிப்பட்டது. இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது, எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வண்டிக்கு அந்த 0.2 வினாடி என்பது ஐந்தரை மீட்டர் தூரம்.

1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை வெளிப்படுத்தியதும் நிலைமை மாறியது; அவரும் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 2014இல் இதற்காக இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிதரும் பாஸ்பரப் பூச்சைத் தடவினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். 2000இல் கடிலாக் டிவில் காரின் பின்விளக்குகளும், 2007இல் லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரின் டிம் விளக்கும், 2008இல் ஆடி ஆர் 8 காரின் முகப்பு விளக்குகள் முழுவதும் எல்.இ.டி.க்கு மாறின. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதியானபின், குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளிதரும் எல்.இ.டி. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவது பெருகியது.

தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எல்.இ.டி. விளக்குகளில் எதிரொளிப்பானும் வில்லையும் அந்தச் சில்லுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. வீட்டில் மாட்டப்படும் பல்புக்கு அந்தப் பின்னணி இல்லை. இழைக்காகச் செய்த கூட்டில் அது குடிபுகுகிறது. ஆயினும் பின்விளக்கு, பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு ஆகியவை ஒளியைக் கூராகக் குவிக்கத் தேவையில்லாத எளிய கூடுகள் என்பதால், அங்கே இந்த மாற்றம் பெரும்பாலும் பயன் தருகிறது. அங்கும் கவனிக்க வேண்டியது நிறம். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளி நீலமும் மஞ்சளும் மிகுந்தது, சிவப்புக் கூறு குறைந்தது. ஆகவே சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யை மாட்டினால், அதன் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடி விழுங்கிவிட, பழைய பல்பைவிட மங்கலான, வெளிறிய சிவப்பே வெளியே தெரியும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி., மஞ்சள் இண்டிகேட்டருக்கு மஞ்சள் எல்.இ.டி. என்பதே சரியான இணை. இன்னொன்று திசை: இழையில் மின்சாரம் எப்பக்கமிருந்தும் பாயலாம், எல்.இ.டி.யில் ஒரு பக்கமிருந்து மட்டுமே பாயும். மாட்டிய பல்பு எரியவில்லையென்றால் பெரும்பாலும் அதைத் திருப்பிச் செருகுவதே போதும்.

இண்டிகேட்டரின் சிக்கல் பழைய ஏற்பாடு ஒன்றிலிருந்து வருவது. கதவோரத் தூணிலிருந்து கைபோல நீளும் இண்டிகேட்டர் போய்க் கண்சிமிட்டும் விளக்கு வந்தபோது, அதைச் சிமிட்டச் செய்யப் ஃபிளாஷர் என்னும் சிறு கலம் பொருத்தப்பட்டது. அதனுள் இருந்த ஈருலோகப் பட்டை, பல்புகள் இழுக்கும் மின்னோட்டத்தால் சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து இணைக்கும். முன்னும் பின்னும் எரியும் இரண்டு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுத்தன, எல்.இ.டி. அதில் சிறுபகுதியையே இழுப்பதால் பட்டை சூடேறுவதில்லை, விளக்கு சிமிட்டாமல் நின்றே எரிகிறது. பின்னர் வந்த மின்னணுப் ஃபிளாஷர்களோ மின்னோட்டம் குறைந்தால் ஒரு பல்பு சுட்டுவிட்டது என்று கொண்டு, ஓட்டுநருக்கு அதை உணர்த்த இருமடங்கு வேகத்தில் சிமிட்டுகின்றன. இதற்குக் கடைகளில் தரும் மருந்து, 6 ஓம் மின்தடை ஒன்றைப் பல்புக்கு இணையாக இணைப்பது. அது எல்.இ.டி. மிச்சப்படுத்திய மின்சாரத்தை வெப்பமாக எரித்துத் தீர்க்கிறது. எரியும் நேரத்தில் ஏறத்தாழ 30 வாட் வெப்பம் கக்கும் அதனைப் பிளாஸ்டிக்கின் மேலோ ஒயர்க் கட்டின் மேலோ ஒட்டினால் அவை உருகிவிடும். மின்னோட்டத்தைச் சாராத எல்.இ.டி. ஃபிளாஷரை மாற்றுவதே முறையான வழி, விலையும் பெரிதன்று.

முகப்பு விளக்கில்தான் வரலாறு தன் பழைய கணக்கைக் கேட்கிறது. எச் 4 பல்பின் டிம் இழை சில மில்லிமீட்டர் நீளமே உடையது; எதிரொளிப்பானின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. எல்.இ.டி. பல்பில் சில்லுகள் ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டிருக்கின்றன. தகடு தடித்திருந்தால் இருபுறச் சில்லுகளும் குவியத்திலிருந்து விலகிவிடும். பல்பு சற்றே திரும்பி உட்கார்ந்தால், சில்லுகள் இடமும் வலமும் நோக்காமல் மேலும் கீழும் நோக்கி, ஒளி வடிவம் குலையும். டிம் சில்லுக்கு அடியில் அந்த 1924ஆம் ஆண்டுக் கிண்ணம் சரியான அளவில் இல்லையென்றால், ஒளி எதிரொளிப்பானின் கீழ்ப்பாதியிலும் பட்டு மேல்நோக்கித் திரும்பி, டிம் போட்டிருக்கும்போதே எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஓட்டுநருக்கோ வண்டியின் முன்னால் சில மீட்டர் தூரம் பளபளவென்று தெரிவதால் விளக்கு நன்றாகிவிட்டதாகவே தோன்றுகிறது. பெட்டியில் அச்சிட்ட லூமன் எண், அதாவது பல்பு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு, சாலையில் எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வதில்லை. சில்லின் வெப்பம் முன்னோக்கிச் செல்லாமல் பின்னோக்கிச் செல்வதால் பல்பின் முதுகில் விசிறியோ உலோகச் சிறகுகளோ வேண்டும். பின்மூடியை மூட இடமில்லாமல் திறந்தே விட்டால் மழைநீரும் தூசியும் புகுந்து, 1930களின் அமெரிக்காவைப் போலவே எதிரொளிப்பான் கறுத்துப்போகும்.

சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்தே நிற்கிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதிகளில் இழை பல்புக்கு 37ஆம் விதியும் எல்.இ.டி. மூலத்துக்கு 128ஆம் விதியும் தனித்தனியே உள்ளன. இழைக்கென ஒப்புதல் பெற்ற கூட்டில் எல்.இ.டி. மாட்டினால் அந்த ஒப்புதல் செல்லாது. 2020இல் ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச் 7 வகை எல்.இ.டி. மாற்றுப் பல்பு முதன்முறையாகச் சாலை அனுமதி பெற்றபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வாகன மாடல்களுக்கு மட்டுமே அது அளிக்கப்பட்டது. ஒரே பல்பு ஒரு காரின் விளக்கில் ஒழுங்காகவும் மற்றொன்றில் கூச்சமாகவும் எரியும் என்ற உண்மையை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

இந்த வரலாற்றை ஒட்டிப் பார்த்தால், பின்புறத்திலும் பக்கங்களிலும் அந்தந்த நிறத்து எல்.இ.டி. பல்பை மாட்டுவது ஏற்கத்தக்க மாற்றம். முகப்பில் பல்பை மட்டும் மாற்றுவது, கார்பைட் கூட்டில் மின்பல்பைச் செருகியவர்கள் செய்த அதே அரைவேலை. 7 அங்குல வட்ட விளக்குடைய பழைய வண்டிக்கு, வில்லையும் எதிரொளிப்பானும் எல்.இ.டி.க்காகவே செய்யப்பட்ட, தர ஒப்புதல் பெற்ற முழுவிளக்கே தக்க மாற்று. அதிலும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கா என்று பார்த்து வாங்க வேண்டும், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கின் டிம் ஒளி எதிர்த்திசைக்கே உயர்ந்து செல்லும். எதை மாட்டினாலும், சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே கோடுபோல் தெளிவாக விழ வேண்டும். கோடே தெரியாமல் சுவரெங்கும் ஒளி பரவினால் அந்தப் பல்பு அந்த விளக்குக்கு ஆகாது, பழைய ஹாலஜனையே திரும்ப மாட்டிவிட வேண்டும்.